விக்கல் அக்கா

உங்களுக்கு விக்கல் எடுத்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பாள். அதற்கும் நிற்காவிட்டால், "என் பர்சுல கைய வச்சியாமே?" என்று யாராவது திடீரென்று கேட்பார்கள். நீங்கள் திடுக்கிடுவீர்கள். விக்கல் நின்றுபோகும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் இந்த வைத்தியம் பலிக்காது. அவளுக்கு விக்கல் வருவதே பயத்தினால்தான். பயமுறுத்தினால் இன்னும் கூடும்.

நான் பரவைக்கும் கோரிப்பாளையத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தப் பெண் எங்கள் தெருக்காரி. கல்லூரிக்குப் போகும்போதும் வரும்போதும் பெரும்பாலும் என் வண்டியில்தான் ஏறுவாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் விக்கல் அக்கா. அவளுக்கு அது தெரியும். கோபப்பட மாட்டாள்.

அவளுக்கு எதற்கெல்லாம் பயம் என்று சொல்கிறேன். நாய்க்குப் பயம். பல்லிக்குப் பயம். இடி இடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எல்லாவற்றையும் விட, கோரிப்பாளையம் ஜங்ஷனில் ரோட்டைக் கடப்பதற்குப் பயம். அங்கே நாலு பக்கமிருந்தும் பஸ் சீறிக்கொண்டு வரும். மற்ற பிள்ளைகள் பயத்தை மறைத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். இவள் ஆட்டோவை விட்டு இறங்கி, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு வெளிப்படையாகச் சொல்வாள்.

"அண்ணே, பயமா இருக்கு. கடத்தி விட்டுட்டுப் போங்கண்ணே."

பின்னால் போலீஸ்காரர் விசில் ஊதுவார். வண்டிக்குள் இருப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். நான் அவளை அக்கரையில் விட்டுவிட்டு ஓடி வருவேன். காலேஜ் படிக்கிற பிள்ளை இப்படிப் பயந்தால் நாளைக்கு எப்படிப் பிழைக்கும் என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

அப்படிப்பட்டவள்தான் ஒரு நாள் அதே ஜங்ஷனில், உச்சி வெயிலில், தனியாக ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சிக்னலில் நின்ற நான் முதலில் நம்பவில்லை. அட்டையில் அவள் கையெழுத்தில் இப்படி இருந்தது: "வெயில் கூடிக்கொண்டே போகிறது. மழை முறை மாறிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு?"

பைக்கில் போன இளவட்டங்கள் கேலி செய்தார்கள். ஒருவன், வெயில் அடிக்காமல் நிலவா அடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போனான். போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து எந்தக் கட்சி என்று விசாரித்தார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். விக்கல்தான் வந்தது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். தர்கா பக்கம் சர்பத் கடை வைத்திருந்த பாய்தான் ஒரு கிளாஸ் நன்னாரி சர்பத்தும் ஒரு குடையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"நெழல்ல நில்லு தாயி. வெயிலப் பத்திச் சொல்றதுக்கு வெயில்லயே சாகணுமா?" என்றார்.

அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது நான் கேட்டேன், இத்தனை பயத்தை வைத்துக்கொண்டு ஏன் நடுரோட்டில் போய் நிற்கிறாய் என்று. அவள் துப்பட்டா நுனியை முடிச்சுப் போட்டாள்.

"நிக்காம வீட்டுல இருந்தா இன்னும் பயமா இருக்குண்ணே" என்றாள்.

வெயிலுக்கு அவள் பயந்ததற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் தெருவிலேயே பலசாலி. இரண்டு வெங்காய மூட்டையை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நடப்பார். ஒரு கோடையில் மத்தியானம், லாரியிலிருந்து மூட்டையை இறக்கும்போதே அப்படியே சரிந்து விழுந்தார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது என்று தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் சொன்னார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் ஒரு கால் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு வெயிலில் போனால் மயக்கம் வரும். வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்த வருஷம்தான் அவள் எங்கெங்கோ விசாரித்து, சுண்ணாம்பைக் கரைத்து அவர்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் வெள்ளையடித்தாள். கூரையில் ஏறுவதற்கும் அவளுக்குப் பயம். ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு விக்கல். தெருவே கீழே நின்று வேடிக்கை பார்த்தது. பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கே என்று கேலி பேசியது. அடுத்த வாரம் என் மனைவி அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டு வந்து, அங்கே மத்தியானத்திலும் உட்கார முடிகிறது என்றாள். அப்புறம் எங்கள் கூரையும் வெள்ளையானது. இன்னும் நாலைந்து வீட்டுக் கூரையும் வெள்ளையானது. யாரும் அவளிடம் நன்றாகச் செய்தாய் என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை.

வெயிலைப் பற்றிச் சொன்னபோது சிரித்தவர்கள், அவள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் எரிச்சல்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் மழை வராதா என்றுதான் எல்லோரும் ஏங்குவோம். மழைக்குப் பயப்படுகிற ஆளை நாங்கள் பார்த்ததே இல்லை.

அவள் எனக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன். கடல் முன்பை விடச் சூடாகிக்கொண்டு வருகிறதாம். நாம் எரிக்கிற கரியும் எண்ணெயும் விடுகிற புகைதான் அதற்குக் காரணமாம். சூடான கடலிலிருந்து மேகம் அதிகமாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருமாம். பல மாதம் வராமலே இருந்துவிட்டு, வரும்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிட்டுப் போய்விடுமாம். "அப்படிக் கொட்டுனா நம்ம தெரு என்னண்ணே ஆகும்?" என்று கேட்டாள்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொன்னால்தான் அவள் கேட்டது உங்களுக்குப் புரியும். தெருவுக்கு மேற்கே கண்மாய் இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போவதற்காக ஓரிடத்தில் கரையைத் தாழ்த்திக் கல்லால் கட்டியிருப்பார்கள். அதற்குப் பெயர் கலுங்கு. கலுங்கில் தண்ணீர் வழிவதை மறுகால் பாய்கிறது என்போம். மறுகால் தண்ணீர் ஓர் ஓடை வழியாக வந்து, மெயின் ரோட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பாலத்தில் நுழைந்து அந்தப் பக்கம் போகும். அந்த ஓடையை ஒட்டித்தான் எங்கள் வீடுகள்.

கண்மாய் நிறைந்து பல வருஷம் ஆகியிருந்தது. அதனால் ஓடை என்பதே எங்களுக்கு மறந்துவிட்டது. வீடு இடித்த செங்கலையும் காரையையும் ரப்பீஸ் என்று சொல்வோம். டிராக்டர்காரர்கள் ரப்பீஸ் கொண்டுவந்தால், இங்கே கொட்டு என்று தெருக்காரர்களே கூப்பிட்டுக் கொட்டச் சொல்வார்கள். ஓடை மேடாகி, பந்தல் போட இடமானது. காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் அங்கேதான். பாலத்தின் கண், அதாவது தண்ணீர் நுழைகிற வாய், மூடி, அதன்மேல் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். நல்லதுதானே நடந்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முளைப்பாரித் திருவிழாவுக்கு வீட்டு வரி பிரிக்கத் தெரு கூடியபோது அவள் எழுந்து பேசினாள். பெண் பிள்ளை கூட்டத்தில் பேசுவது வழக்கமில்லை. ஓடையை வெட்டிவிட வேண்டும், பாலத்தைத் திறந்துவிட வேண்டும் என்று சொல்ல வந்தாள். பாதிச் சொல் வெளியே வந்தது, பாதி விக்கலில் போனது. டீக்கடைக்காரர்தான் எங்கள் தெருவில் பெரிய மனுஷன். அவர் ஒரு கிளாசை நீட்டினார்.

"மொதல்ல தண்ணியக் குடி தாயி. அப்புறம் தண்ணியப் பத்திப் பேசலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் தண்ணீரைக் குடித்தாள். கிளாசைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு விக்கலோடேயே விட்ட இடத்திலிருந்து பேசி முடித்தாள். பேச்சு முளைப்பாரிக்குத் திரும்பியது. கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குவார்களே, அங்கேயும் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். வரிசையில் நின்றவர்கள் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்களாம்.

அந்த ஐப்பசியில் அழகர்மலைப் பக்கம் கறுத்தது. கறுத்த மேகம் கலையவே இல்லை. இரவும் பகலுமாகப் பெய்தது. ஒரு காலையில், கண்மாய் மறுகால் பாய்கிறது என்று சத்தம் கேட்டது.

தெருவில் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. மறுகால் பாய்ந்தால் கலுங்குக்கு மாலை போட்டு, கிடா வெட்டி, குலவை போடுவது எங்கள் வழக்கம். இளவட்டங்கள் அதைப் பார்த்ததே இல்லை. எல்லோரும் கிளம்பினார்கள். என் ஆட்டோவில் மட்டுமே பல நடை. என் மகள் அப்போது சின்னப்பிள்ளை, தானும் வருவேன் என்று அழுதாள். டீக்கடைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"புள்ளைகள யாரும் கூட்டிட்டு வராதீக. தண்ணிப் பக்கம் புள்ளைகளுக்கு என்ன வேல? வீட்டுலயே இருக்கட்டும்."

அவர் சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் பட்டது. சின்னதுகளைப் பெரிய பிள்ளைகளிடம் ஒப்படைத்து, தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். அவள் மட்டும் ஆட்டோவுக்கு முன்னால் வந்து நின்று, போகாதீக, எல்லாரும் போகாதீக என்றாள். விக்கலில் உடம்பே தூக்கித் தூக்கிப் போட்டது. வண்டியில் இருந்தவர்கள் நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம் என்று திட்டினார்கள்.

கலுங்கில் தண்ணீர் முதலில் மெல்லிய துணி மாதிரிதான் வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். டீக்கடைக்காரர் பெரிய செவ்வந்தி மாலையைக் கல்லில் சாத்தினார். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே மழை வலுத்தது. மேலே இருக்கிற கண்மாய் உடைத்துக்கொண்டது என்று யாரோ ஓடி வந்து சொன்னார். துணி மாதிரி வழிந்த தண்ணீர் சுவர் மாதிரி எழுந்தது. நிறம் மாறிச் செம்மண்ணாக வந்தது. சாத்திய மாலை கல்லிலிருந்து பிய்த்துக்கொண்டு மிதந்தது.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நான் அந்த மாலையைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரு புள்ளி, வேகமாகப் போய்க்கொண்டே இருந்தது. கருவேல மரங்களைத் தாண்டியது. செங்கல் சூளையைத் தாண்டியது. அதற்கு அப்பால் வெள்ளையடித்த கூரைகள் தெரிந்தன. மாலை நேராக அந்தக் கூரைகளைப் பார்த்துப் போனது.

அப்போதுதான் அவள் பேசியது எனக்கு உறைத்தது. வாய் திறந்து கத்தினேனா என்று தெரியவில்லை. வண்டியை எடுத்தேன்.

மெயின் ரோட்டில் ஆட்டோ நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், ரோட்டுக்குக் கீழே எங்கள் தெரு இல்லை. செம்மண் தண்ணீர் தெருவை நிறைத்துச் சுழன்றுகொண்டிருந்தது. பாலம் அடைபட்டதால் அது போக வழியில்லாமல் ஏறிக்கொண்டே இருந்தது. நான் இறங்கினேன். இடுப்பு வரை தண்ணீர். ஒரு சைக்கிள் வந்து காலில் இடித்தது. ஒரு கேஸ் சிலிண்டர் மிதந்து போனது. என் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே குடமும் தலையணையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மிதந்தன. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. எந்த வீட்டிலும் ஒரு பிள்ளைச் சத்தம் இல்லை.

பிள்ளைகள் நிறைந்த தெருவில் பிள்ளைச் சத்தமே கேட்காவிட்டால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் சுவரில் அடிக்கிற சத்தம் மட்டும் இருந்தது. ஒரு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அப்போது தலைக்கு மேலேயிருந்து கேட்டது. ஒரு விக்கல். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

எங்கள் தெருவில் மாடிப்படி உள்ள ஒரே கட்டடம் ரேஷன் கடை. ஏறிப் போனேன். மொட்டை மாடியில் பிள்ளைகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்திருந்தார்கள். படியில் அவளுடைய அப்பா, இழுத்த காலை நீட்டியபடி, ஒரு கைக்குழந்தையைத் தன் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். அவள் வட்டத்துக்கு நடுவே நின்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"அண்ணே, பயமா இருக்குண்ணே. எல்லாரும் இருக்காக. ஒருக்கா நீங்களும் எண்ணிப் பாருங்க."

என் மகள் அந்த வட்டத்தில் இருந்தாள். நான் அவளை வாரி எடுத்தபோது, சட்டையை விடாதே என்று அக்கா சொல்லியிருக்கிறாள் என்று சொல்லி, பக்கத்துப் பையனின் சட்டையை விட மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

அத்தனை பிள்ளைகளும் அவள் சொல்லி எப்படிக் கேட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. என் மகள் சொன்னாள். தண்ணீர் வருகிறது, ஓடுங்கள் என்று அவள் கத்தவில்லையாம். கத்தியிருந்தால் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பார்கள். வீடு வீடாகப் போய், "எனக்குப் பயமா இருக்கு. மாடிக்குப் போகணும். என்னையத் தனியா விட்டுறாதீக, தொணைக்கு வாங்க" என்று கேட்டாளாம். விக்கல் அக்காவுக்குத் துணையாகத்தான் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மறுநாள் தண்ணீர் வடிந்தது. என் வீட்டு வாசல் கிராதியில் அந்தச் செவ்வந்தி மாலை சிக்கிக் கிடந்தது. அதைத் தொட என் மனைவிக்குக் கை வரவில்லை. நான்தான் எடுத்துப் போட்டேன்.

இதற்கு அப்புறம் நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். தெரு அவளைக் கொண்டாடவில்லை. ஆடு போனது, அரிசி போனது, பிள்ளைகளின் சான்றிதழ் போனது. யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், வந்துவிட்டது, அது கருநாக்கு என்று ஒருத்தி ஆரம்பித்தாள். கருநாக்கு என்றால், சொன்ன கெட்டது பலிக்கும் நாக்கு என்று அர்த்தம். எந்தப் பிள்ளையை அவள் தூக்கிக்கொண்டு மாடி ஏறினாளோ, அந்தப் பிள்ளையின் தாயே அவள் வரும்போது பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அவர்கள் வீட்டு வெள்ளைக் கூரையில் கல் விழுந்தது. ஆஸ்பெஸ்டாஸில் ஓட்டை விழுந்தது. எறிந்தது யார் என்று யாரும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு முறை அவள் என் ஆட்டோவில் கோரிப்பாளையம் வரை வந்தாள். இறங்கியதும் வழக்கம்போல் என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தண்ணிக்குப் பயந்தப்ப எங்க போகணும்னு தெரிஞ்சுச்சுண்ணே. மாடிக்குப் போனோம். மனுசருக்குப் பயந்தா எங்கண்ணே போறது?"

ரோட்டைக் கடத்தி விட்டேன். அந்த மாதமே அவர்கள் தெருவைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். கடற்கரைப் பக்கம் ஏதோ ஊரில், மீன்பிடிக்கிற குப்பங்களில் போய் அவள் பேசுகிறாள் என்று என் வண்டியில் வந்த ஒருவர் சொன்னார். மைக்கில் விக்கல் எடுத்துக்கொண்டே ஒரு பெண் பேசியது என்றார். வேறு யாராக இருக்க முடியும்?

வெள்ளம் வந்த கையோடு ஓடையை வெட்டினார்கள். பாலத்தைத் திறந்தார்கள். அப்புறம் வெயில் வருஷங்கள் வந்தன. ஓடை காய்ந்தது. ஒரு கூடை குப்பையில் ஆரம்பித்து, மறுபடியும் மேடாகத் தொடங்கியது. இன்று காலை, பாலத்தின் கண் முன்னால் டிராக்டர் ஒரு லோடு ரப்பீஸ் கொட்டிவிட்டுப் போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அழகர்மலைப் பக்கம் கறுத்திருந்தது.

டீக்கடையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இந்த வருஷமாவது கண்மாய் நிறையுமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு விக்கல் வராது. வண்டியை ஓரம் கட்டினேன். டீ வாங்கவில்லை. ஆட்டோக்காரன் என்ன சொல்லப்போகிறான் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

மீசை வைத்த ஆள் நடுத்தெருவில் அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு மலைப் பக்கம் பார்த்தார். அடுப்பை அணைத்தார்.

"எங்கிட்ட ஒரு மம்பட்டிதான் இருக்கு. ஒங்க வீட்டுல இருக்கா?" என்றார்.

சாயங்காலம் வரை எல்லோரும் மண்வெட்டியால் ரப்பீஸை அள்ளியும் பாதிதான் குறைந்திருக்கிறது. சோறு தின்ன வந்த இடத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேகம் இன்னும் அங்கேதான் நிற்கிறது. நான் மறுபடியும் போக வேண்டும். என் மகள் இப்போது பெரியவளாகிவிட்டாள், வாசலில் தட்டுக்கூடையோடு நிற்கிறாள். தனியாகப் போக வேண்டாம் அப்பா, நானும் துணைக்கு வாரேன் என்கிறாள்.